ஓடாத விளையாட்டுக்கு ஊக்கமருந்துச் சோதனை எதற்கு?

கீழக்கரையைச் சேர்ந்த தம்பி ஒருவர் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். அவர் கேட்டிருப்பது இது: “காக்கா (அண்ணா), இங்கே பெரிய போட்டி நடக்கும்போது, ஆட்டம் முடித்து வரும் வீரர்களில் சிலரை ஓர் அறைக்கு அழைத்துப்போய்ச் சிறுநீர் வாங்குகிறார்கள். நடந்து, நின்று, பந்தைத் தட்டுகிற விளையாட்டு. தொப்பை உள்ளவர்கள்கூட ஜெயிக்கிறார்கள். இதில் ஊக்கமருந்து என்ன செய்துவிடும்? இந்தச் சோதனை எப்போது, ஏன் வந்தது? ஊரில் என் தம்பியை மாநிலக் கபடி அணித் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கும் இதெல்லாம் உண்டா?”

தம்பி, நான் கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டவன் இல்லை. மருந்துக்கடைக்காரன். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அமெரிக்காவில் நடக்கும் போட்டி நம் இரவு நேரத்துக்குச் சரியாகத் தொலைக்காட்சியில் வரும். அப்படிப் பிடித்துக்கொண்ட பழக்கம். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது மாத்திரையிலிருந்து, தொடங்குகிறேன்.

என் கடையில் பிராப்ரனலால் என்ற மாத்திரை இருக்கிறது. 10 மில்லிகிராம், 20, 40 என்று அட்டை அட்டையாக. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு, தைராய்டு கூடிப்போய் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு, கை நடுக்கம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் எழுதுவார்கள். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, விரல் நடுங்குகிறது. இந்த மாத்திரை அட்ரினலின் போய் உட்காரும் இடத்தில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. பயம் மனத்தில் இருக்கும், கைக்கு வந்து சேராது. இந்தச் செய்தி எப்படியோ பரவி, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே “படபடப்பு மாத்திரை” என்று கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவன் தெரியாமல் போட்டுவிட்டால் மூச்சுக்குழல் சுருங்கி ஆபத்தில் முடியும்.

இப்போது உங்கள் மைதானத்துக்கு வாருங்கள். கடைசி நாள், கடைசிக் குழி, பந்து குழியிலிருந்து நான்கு அடி தூரத்தில் கிடக்கிறது. உள்ளே போனால் முதல் பரிசு, ஓரம் தட்டி நின்றால் இரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் பல லட்சம் டாலர். அந்த நான்கு அடியைத் தாண்ட பலம் வேண்டியதில்லை, கை நடுங்காமல் இருந்தால் போதும். கோல்ஃபில் ஊக்கமருந்து என்ன செய்யும் என்று கேட்பவர்கள் ஊக்கமருந்து என்றாலே புஜத்தைப் பெருக்கும் ஊசி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே படபடப்பை அடக்குவதும் ஊக்கம்தான். இந்த வகை மருந்துகளுக்குப் பீட்டா பிளாக்கர் என்று பெயர். வாடா என்கிற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவற்றை எல்லா விளையாட்டுக்கும் தடைசெய்யவில்லை. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, பில்லியர்ட்ஸ், டார்ட்ஸ் போன்ற கை நிதானம் கேட்கும் சில விளையாட்டுகளுக்கு மட்டும்தான் தடை. அந்தச் சிறு பட்டியலில் கோல்ஃபும் இருக்கிறது.

இது புதிய தந்திரமும் அல்ல. ஒலிம்பிக்கில் சோதனையில் சிக்கிப் பதக்கம் இழந்த முதல் ஆள் யார் தெரியுமா? ஓட்டக்காரரும் இல்லை, எடை தூக்குபவரும் இல்லை. 1968 மெக்சிகோவில் ஹான்ஸ் குன்னார் லில்யன்வால் என்ற சுவீடன்காரர், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த பென்டாத்லான் வீரர். அதில் துப்பாக்கி சுடுதலும் உண்டு. பதற்றம் தணிய இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார். 2008 பெய்ஜிங்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜாங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது நான் மேலே சொன்ன அதே பிராப்ரனலாலால்.

எல்லோருக்கும் அது உதவும் என்று சொல்லவும் முடியாது. இதயத்தை மெதுவாக்கும் மருந்து சோர்வையும் தரும்; கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். மறுபக்கம், தசை வளர்க்கும் மருந்துகளுக்கும் அங்கே வேலை இருக்கிறது. மட்டையை வேகமாகச் சுழற்றினால் பந்து தூரம் போகும். வாரம் தவறாமல் ஆடி இடுப்பும் முதுகும் ஓய்ந்தவனுக்கு, காயம் சீக்கிரம் ஆறுவதே பெரிய லாபம்.

இவ்வளவு இருந்தும் சோதனை ஏன் 2008 வரை வரவில்லை? கோல்ஃப் தன்னைப் பற்றி ஒரு பெருமை வைத்திருந்தது. நடுவர் பக்கத்தில் நிற்காத விளையாட்டு, தன் தவறைத் தானே சொல்லித் தனக்கே தண்டனை போட்டுக்கொள்கிறவர்களின் விளையாட்டு என்ற பெருமை. 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் அந்தக் காலத்தின் பெரிய வீரர் பாபி ஜோன்ஸ், தட்டத் தயாராகும்போது பந்து லேசாக அசைந்துவிட்டது என்று தானே சொன்னார். வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் வற்புறுத்தித் தன் கணக்கில் தண்டனையாக ஒரு தட்டு கூட்டிக்கொண்டார் (தட்டு குறைந்தவர்தான் இங்கே வெல்வார்). ஆட்டம் சமனில் முடிந்து, முடிவுக்காக ஆடிய கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்கு ஒருவனைப் பாராட்டுவீர்களா என்கிற தொனியில் பதில் சொன்னதாக வரலாறு. தொழில்முறை வீரர்களின் தொடர் போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான பிஜிஏ டூரின் தலைவராக இருந்த டிம் ஃபின்செம் பல ஆண்டுகள் இந்த மரபைத்தான் முன்னிறுத்தினார்: எங்கள் வீரர்கள் விதியை மதிப்பவர்கள், மருந்து உட்கொண்டதற்கு ஆதாரம் இல்லை, பிறகு எதற்குச் சோதனை? பேஸ்பாலும் சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்தால் நாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பதில் கௌரவமாகத்தான் ஒலித்தது.

எனக்கு அந்த வாதம் அப்போதே செல்லவில்லை. தவறு என்று தெரிந்து செய்கிறவனைத்தான் நேர்மை தடுக்கும். மருந்து விஷயத்தில் தெரியாமல் உள்ளே போகிறதே, அதை எந்த நேர்மை தடுக்கும்? வேடிக்கை என்னவென்றால், தெரியாமல் செய்ததற்கும் தண்டனை என்பது கோல்ஃபின் சொந்தச் சட்டம்தான். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை மூன்று தட்டில் முடித்தார். கூட ஆடியவர் கணக்குச் சீட்டில் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். லட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் மூன்று என்று பார்த்திருக்க, சீட்டில் இருந்த நான்குதான் செல்லும் என்று தீர்ப்பாகி, சமனில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தை ஒரு தட்டில் இழந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு. இப்படிப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு, “எங்களுடையது நம்பிக்கையின் விளையாட்டு, சிறுநீர்ப் பாட்டில் வேண்டாம்” என்று சொன்னது பொருந்தவே இல்லை.

பூட்டை உடைத்தது ஒரு கிழவர். 2007 ஜூலை, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் ஓப்பன் போட்டி. ஒன்பது பெரிய பட்டங்கள் வென்ற தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர், அப்போது 71 வயது, பத்திரிகையாளர்களிடம் போட்டு உடைத்தார்: வளர்ச்சி ஹார்மோன் போன்ற மருந்துகளை உட்கொள்ளும் வீரர்கள் இருக்கிறார்கள், ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார், பத்துப் பேராவது இருப்பார்கள் என்பது என் கணிப்பு. பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். பெயர் இல்லாத குற்றச்சாட்டு என்று பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். ஆனாலும் அந்தப் பேச்சுக்குப் பிறகு இடைவெளி இரண்டே மாதம். செப்டம்பரில் உலக கோல்ஃபின் பெரிய அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, பொதுவான ஊக்கமருந்துக் கொள்கை கொண்டுவருகிறோம் என்று அறிவித்தன. பிளேயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்களை முந்திக்கொண்டு பெண்கள் டூரான எல்பிஜிஏ 2006இலேயே முடிவெடுத்திருந்தது; 2008 சீசன் தொடங்கியதிலிருந்து அங்கே சோதனை நடந்தது. அன்று உலகின் முதலிடத்தில் இருந்த டைகர் உட்ஸ் 2006இலேயே, சோதனை நாளைக்கே தொடங்கினாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். கோல்ஃபை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. வாடாவின் விதிகளுக்குள் வராத விளையாட்டுக்கு அங்கே கதவு திறக்காது. இவையெல்லாம் கூடி, 2008 ஜூலையில் பிஜிஏ டூரிலும், இன்று நீங்கள் துபாயில் பார்க்கிற போட்டிகளை நடத்தும் ஐரோப்பிய டூரிலும் சோதனை தொடங்கியது.

அந்த அறைக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், வெளியே நின்று பார்க்கிற உங்களுக்குப் பயன்படும். பெயர் வந்த வீரரிடம் தகவல் சொன்ன நொடியிலிருந்து ஒருவர் கண் எடுக்காமல் கூடவே வருவார். உள்ளே மூடி முத்திரையிட்ட குவளைகள் பல இருக்கும்; எதை எடுப்பது என்பது வீரர் விருப்பம். பிறகு கழிவறை. சட்டையை மார்புவரை உயர்த்தி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, கையை முழங்கைவரை திறந்து காட்ட வேண்டும். சோதனை அதிகாரி நேராகப் பார்த்துக்கொண்டே நிற்பார். சங்கடம்தான், ஆனால் வேறொருவரின் சிறுநீரைப் பையில் கட்டி எடுத்து வந்த வரலாறு விளையாட்டு உலகில் உண்டு. குறைந்தது 90 மில்லி வேண்டும். வரவில்லை என்றால் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். ஒரேயடியாகக் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனால் மறுபடியும் கொடுக்கச் சொல்வார்கள். ஏ, பி என இரண்டு பாட்டில்களில் வீரரே ஊற்றி, வீரரே மூடித் திருகுகிறார். அந்த மூடி உடைத்தால் ஒழியத் திறக்காது. படிவத்தில் அண்மையில் சாப்பிட்ட மருந்துகளின் பெயர்களை எழுதி, கையெழுத்து. ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் போகாது. ஏ பாட்டிலில் ஏதாவது கிடைத்தால்தான் பி பாட்டிலுக்கு வேலை.

சரி, இத்தனை ஏற்பாட்டில் சிக்கியது யார்? பிஜிஏ டூர் தடைவிதித்த முதல் வீரர் டக் பாரன். 2009 நவம்பரில் ஓராண்டுத் தடை. உச்சத்தில் இருந்தவர் அல்ல, இடம் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்த 40 வயதுக்காரர். அவர் உடம்பில் கிடைத்தவை இரண்டு: டெஸ்டோஸ்டிரோன், அப்புறம் நம் பிராப்ரனலால். இரண்டும் மருத்துவர் எழுதிக் கொடுத்தவை. இதய வால்வுக் கோளாறுக்காக இளவயதிலிருந்தே பிராப்ரனலால் சாப்பிட்டு வந்தவர். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஊசியும் போட்டுக்கொண்டவர். சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார், டூர் மறுத்துவிட்டது. நீதிமன்றம் போனார், வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. பத்தாண்டு கழித்து, 2019இல், 50 வயதைத் தாண்டியவர்களுக்கான டூரில் தகுதிச் சுற்று வழியாக உள்ளே நுழைந்து ஒரு பட்டத்தையே வென்றார் என்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவர் மருத்துவக் காரணம் உண்மையா என்று சந்தேகிக்க எனக்கு எந்த முகாந்தரமும் இல்லை. ஆனால் டூரின் பக்கத்தையும் பாருங்கள்: நடுக்கம் அடக்கும் மருந்தை ஒருவருக்கு அனுமதித்தால், நாளைக்கே படபடப்பு என்று சீட்டு வாங்கி வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். இந்த இடத்தில் யாருக்கும் சுத்தமான நியாயம் கிடைக்காது.

அடுத்தது விஜய் சிங் விவகாரம். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், டைகர் உட்ஸை முந்தி உலகின் முதலிடத்தில் இருந்தவர். 2013 தொடக்கத்தில், மான் கொம்பிலிருந்து எடுத்த ஒரு ஸ்பிரேயைப் பயன்படுத்தியதாக அவரே ஒரு பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். தடைப்பட்டியலில் உள்ள ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருள் அதில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. நம் கடற்கரைக்காரர்களுக்கு இந்தச் சந்தை புதிதல்ல. வேதாளையிலும் மண்டபத்திலும் மாதம் தவறாமல் பிடிபடுகிற கடல் அட்டை, 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் தடை, இருந்தும் அவித்து உலர்த்திக் கள்ளத்தோணியில் போகிறதே, அதை வாங்குகிறவனுக்கும் மான் கொம்பு வாங்குகிறவனுக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: இயற்கையில் கிடைத்தது, உடம்பைத் தேற்றும். சிங்குக்குத் தடைவிதிக்க டூர் முடிவெடுத்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அதற்குள், அந்த ஸ்பிரேயைத் தடைசெய்யப்பட்டதாக இனிக் கருதவில்லை என்று வாடா டூருக்குத் தெரிவிக்க, ஏப்ரல் இறுதியில் டூர் நடவடிக்கையைக் கைவிட்டது. சிங் சும்மா விடவில்லை. சரியாக விசாரிக்காமல் என் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று டூர் மீதே வழக்குப் போட்டார். 2018இல்தான் அது சமரசமானது. சோதனையில் எதுவுமே கிடைக்காமல், வாய்ச்சொல்லில் தொடங்கி ஐந்தரை ஆண்டு இழுத்த வழக்கு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2015இல் ஸ்காட் ஸ்டாலிங்ஸ், உடல் சோர்வுக்காக மருத்துவர் சொல்லி வாங்கிய டிஎச்இஏ என்ற மாத்திரை தடைப்பட்டியலில் இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டு தானே போய்ச் சொன்னார். சோதனையில் அவர் சிக்கியிருக்கவில்லை. பாபி ஜோன்ஸ் செய்ததைத்தான் செய்தார், மூன்று மாதத் தடை கிடைத்தது. அமெரிக்காவில் அது சீட்டு இல்லாமல் கடையில் விற்கிற பொருள். 2017இல் மார்க் ஹென்ஸ்பி, ஆட்டம் முடிந்ததும் சிறுநீர் கொடுக்காமல் கிளம்பிவிட்டதற்காக ஓராண்டுத் தடை பெற்றார். கொடுக்க மறுப்பதும் சிக்குவதும் சட்டத்தில் ஒன்றுதான்.

குறை இல்லாமலில்லை. பிஜிஏ டூர் முதலில் தனக்கென்று ஒரு பட்டியலும் தனக்கென்று தண்டனையும் வைத்துக்கொண்டது. முதல் தவறுக்கு அதிகபட்சம் ஓராண்டு. அப்போது வாடாவின் வழக்கமான தண்டனை இரண்டாண்டு, இப்போது நான்கு. இரத்தப் பரிசோதனை கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில்தான் பிடிபடும், சிறுநீரில் பிடிபடாது. ஆக, பிளேயர் சுட்டிய பொருள்களில் முக்கியமான ஒன்றை அந்தச் சோதனை பார்க்கவே இல்லை. இதை உரக்கச் சொன்னவர் வட அயர்லாந்தின் முன்னணி வீரர் ரோரி மெக்கில்ராய். 2016இல், கோல்ஃப் 112 ஆண்டுகளுக்குப் பிறகு ரியோ ஒலிம்பிக்கில் திரும்ப நுழைந்த அந்தக் கோடையில், நான் நினைத்தால் வளர்ச்சி ஹார்மோன் போட்டுக்கொண்டு மாட்டாமல் இருக்க முடியும் என்று வெளிப்படையாகவே பேசினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய சீசனிலிருந்து பிஜிஏ டூர் இரத்தமும் எடுக்கத் தொடங்கியது, தடைப்பட்டியலையும் வாடாவுடையதோடு ஒத்துவரச் செய்தது, கஞ்சா போன்ற போதைப்பொருளுக்கான தடைகளையும் வெளியே அறிவிக்கத் தொடங்கியது. அதுவரை அவை கமுக்கமாக இருந்தன.

ஆக, பெரிய மோசடிக்காரன் யாரையும் இந்தச் சோதனை இதுவரை பிடித்துக் காட்டவில்லை. பகிரங்கமானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றிலும் பாதி மருந்துக்கடை அலமாரியிலிருந்து வந்தவை. மோசடி இல்லை என்று இதற்கு அர்த்தமா, வலை பெரிய கண்ணி என்று அர்த்தமா? முதல் பத்தாண்டுக்கு இரண்டாவதுதான் என்பேன்.

இனி உங்கள் தம்பி விஷயம். கோல்ஃபைவிட எனக்கு இதுதான் முக்கியம். மாநில அணி, பிறகு தேசியப் போட்டி என்று போனால் அவன் நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனைக்குள் வந்துவிடுவான். இதற்கென்று 2022இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை வாங்கிக் கொடுத்தது டெர்பூட்டலின். இருமல் சிரப் வாங்கிக் குடித்ததாக விளக்கம் சொன்னார். அந்தப் பொருள் சேர்ந்த சிரப் என் கடையில் கண்ணுக்கு நேரே இருக்கிறது; மழைக்காலத்தில் ஊரில் பாதிப் பேர் குடிப்பது அதைத்தான். ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பையையே இழந்தது அவர் அம்மா கொடுத்த நீர் போக்கும் மாத்திரையால்.

நம் ஊர்ப் பக்கம் நான் பயப்படுவது மூன்றுக்கு. உடம்பு தேறும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் வெள்ளை மாத்திரை, பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. வயதானவர்களின் தளர்ச்சிக்குப் போடும் நான்ட்ரோலோன் ஊசி. அது மாதக்கணக்கில் உடம்பில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, அறுவைச் சிகிச்சையின்போது இறங்கும் இரத்த அழுத்தத்தைத் தூக்குவதற்கான மெஃபென்டெர்மின் ஊசி. இதை உடற்பயிற்சிக்கூடப் பையன்கள் கள்ளத்தனமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், இதயம் நின்றுபோகிற விளையாட்டு அது. இரவுக் கபடிப் போட்டிக்கு முன்னால் யாராவது “வலிக்கு ஒன்று, தெம்புக்கு ஒன்று” என்று ஊசியோடு வந்தால் உங்கள் தம்பி எழுந்து போய்விட வேண்டும். டப்பாவில் வருகிற புரதப் பொடியும் அப்படித்தான். உறையில் எழுதாத சரக்கு உள்ளே கலந்திருக்க வாய்ப்பு உண்டு, தண்டனை மட்டும் சாப்பிட்டவனுக்கு.

காய்ச்சல், இருமல், சுளுக்கு என்று மருத்துவரிடம் போனால், நான் போட்டியில் ஆடுகிறவன் என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். தடைசெய்த மருந்து உண்மையிலேயே தேவைப்பட்டால் முன்கூட்டியே விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மாட்டிய பிறகு சீட்டைக் காட்டி அழுவதில் பயனில்லை. பாராசிட்டமாலுக்குத் தடை இல்லை, பயப்பட வேண்டாம். இப்போது வீட்டில் என்னென்ன மாத்திரை, சிரப், பொடி வைத்திருக்கிறானோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கடைக்கு அனுப்பி வையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்து கடை திறக்க நான்கு மணி ஆகிவிடும், அந்த நேரத்தில் கூட்டமும் அதிகம்.